மொட்டை மாடியில் காம்பஸ் இடத்துக்கு இடம் வேற வடக்கு காட்டுது – மவுண்டை எதை நம்பி நிறுத்தறது?

கேள்வி: மாடிவாசி (பெருந்துறை)

வணக்கமுங்க. டெலஸ்கோப் 130 மி.மீ. நியூட்டோனியன், ஈக்விடோரியல் மவுண்ட் (அதோட அச்சு வான துருவத்தைப் பார்த்து நின்னாதான் நட்சத்திரத்தைச் சரியாப் பின்தொடரும் தாங்கி), மோட்டார் ஒரு அச்சுக்கு மட்டும். துருவ நட்சத்திரம் நம்ம ஊர்ல அடிவானத்துல இருந்து 11 டிகிரிதான். வடக்கே பக்கத்து வீடு மூணு மாடி, அதுக்குப் பின்னால தென்னை. வருசம் பூரா துருவம் கண்ணுல படாதுங்க.

அதனால திரவம் நிரப்பின, ஸ்கேல் போட்ட கை காம்பஸ் ஒண்ணு வாங்கினேன். வெளிநாட்டுத் தயாரிப்பு. மாடியில தண்ணித் தொட்டி ஸ்டாண்டு பக்கம் நின்னா ஒரு வடக்கு, கைப்பிடிச் சுவர் ஓரம் நின்னா இன்னொரு வடக்கு. ரெண்டுக்கும் 14 டிகிரி வித்தியாசம். டிரைபாட் மேல வெச்சா மூணாவதா ஒண்ணு. போன்ல பார்த்தா அது எதோடயும் சேரலை. போதாக்குறைக்கு முள்ளோட தெற்கு முனை கீழ சாஞ்சு தட்டுல உரசுது.

கேக்க வேண்டியது மூணு:
1. இதுல எந்த வடக்கை எடுத்துக்கறது?
2. காந்த விலகலை (முள் காட்டற வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) கூட்டணுமா, கழிக்கணுமா?
3. படம் எடுக்கலை, கண்ணால பாக்கறதுதான். அதுக்கு காம்பஸ் துல்லியம் போதுமா?

---

பதில் 1: நூல்மட்டம்

மூன்றாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அதற்கு விடை தெரிந்தால், மற்ற இரண்டுக்கும் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வானம் நிமிடத்துக்கு 15 கலை (60 கலை ஒரு டிகிரி) சுழல்கிறது. துருவ அச்சு 1 டிகிரி விலகி நின்றால் பொருள் வடக்கிலோ தெற்கிலோ நகர்வது அதிகபட்சம் நிமிடத்துக்கு கால் கலை. 2 டிகிரி விலகினால் அரைக் கலை, அதாவது பத்து நிமிடத்துக்கு 5 கலை. 25 மி.மீ. ஐபீசில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) உங்கள் பார்வைப்புலம் ஒரு டிகிரிக்கும் மேலே, 60 கலைக்குக் குறையாது. ஆகவே கண்ணால் பார்க்க 2 டிகிரிப் பிழை தாராளமாகத் தாங்கும். நல்ல காம்பஸைக் கையில் பிடித்துக் கவனமாகப் பார்த்தால் வரும் பிழையும் அந்த 2 டிகிரிதான். ஆனால் 14 டிகிரி தாங்காது. பத்து நிமிடத்தில் 36 கலை ஓடிவிடும்.

ஒன்று கவனியுங்கள். லண்டனில் இருப்பவருக்கு அச்சின் திசைப் பிழையில் அறுபது சதவீதம்தான் துருவப் பிழையாக மாறும், ஏனென்றால் அங்கே துருவம் 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது. நமக்கு 11 டிகிரிதான் என்பதால் 98 சதவீதம் அப்படியே வந்து சேரும். வெளிநாட்டுக் கையேடுகள் "வடக்கே ஏறக்குறைய வைத்தால் போதும்" என்று சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி முதல் கேள்வி. நீங்கள் பார்த்த மூன்றுமே தப்பு. கான்கிரீட் தளம் முழுக்கக் கம்பி. அது போக தொட்டி ஸ்டாண்டின் ஆங்கிள், கைப்பிடிச் சுவரின் ஜிஐ பைப், ஏசி வெளி யூனிட், சோலார் ஹீட்டர் சட்டம் எல்லாம் முள்ளை இழுக்கும். டிரைபாட் கால் எஃகு, எதிர் எடை இரும்பு. மவுண்டின் மேல் காம்பஸை வைத்து மவுண்டைத் திருப்பினால், திருப்பத் திருப்ப வடக்கும் கூடவே நகரும். காம்பஸை மவுண்டின் பக்கத்தில் கொண்டுபோவதே கூடாது என்பது என் கருத்து.

கீழே இறங்குங்கள். தோட்டமோ, களமோ, காலிமனையோ போதும். வீட்டிலிருந்து 20 மீட்டர், மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்தின கார் இவற்றிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். போர் குழாய்க்கும் கம்பி வேலிக்கும் அதே தூரம். போன், சாவிக்கொத்து, பெல்ட் பக்கிள், எஃகுச் சட்டம் போட்ட கண்ணாடி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். டார்ச்சையும்தான், ஏனென்றால் பேட்டரியின் உறையே இரும்பு.

அந்த இடம் சுத்தமா என்று சோதிக்காமல் நம்ப வேண்டாம். 25 மீட்டர் இடைவெளியில் இரண்டு மூங்கில் குச்சிகளை நடுங்கள். முதல் குச்சியிலிருந்து இரண்டாவதைப் பார்த்து அளவு எடுங்கள், 40 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதிலிருந்து முதலைத் திரும்பிப் பார்த்தால் 220 வர வேண்டும். சரியாக 180 வித்தியாசம் இருந்தால் இரண்டு இடமும் சுத்தம். 217 அல்லது 224 வந்தால் ஏதோ ஒரு முனையில், மண்ணுக்கடியிலாவது, இரும்பு இருக்கிறது. குச்சியை நகர்த்தி மறுபடி பாருங்கள். சர்வே படித்தவர்களுக்கு இது பழைய பாடம். தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்தான் செய்வதில்லை.

சுத்தமான இடம் கிடைத்ததும் வடக்கைத் தேட வேண்டாம், தூரத்து அடையாளம் ஒன்றைத் தேடுங்கள். உங்கள் ஊருக்கு சென்னிமலை ஏறக்குறைய தெற்கே, 12 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. மலைமேல் கோயில் மாடியிலிருந்து தெரியும் என்றால் உங்களுக்கு அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. தோட்டத்தில் நின்று கோயிலின் திசையை ஐந்து முறை அளவிடுங்கள். ஒவ்வொரு முறையும் காம்பஸை இறக்கி, உடம்பை ஒரு சுற்றுத் திருப்பி, புதிதாகப் பிடிக்க வேண்டும். ஐந்தின் சராசரி உங்கள் அளவு.

தோட்டத்தில் எடுத்த அளவு மாடிக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். 50 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நின்றாலும் 12 கிலோமீட்டர் தூரத்து மலைக்கு மாறுவது கால் டிகிரிதான். அதே 50 மீட்டர், ஒரு கிலோமீட்டரில் இருக்கும் செல்போன் டவருக்கு கிட்டத்தட்ட 3 டிகிரி மாறிவிடும். மலையை எடுங்கள், டவரை விடுங்கள்.

இரண்டாவது கேள்வி. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் இப்போது காந்த விலகல் சுமார் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி மேற்கு. அதாவது முள் காட்டும் வடக்கு, மெய்யான வடக்குக்கு அவ்வளவு மேற்கே விழுகிறது. ஆகவே காம்பஸ் அளவிலிருந்து கழிக்க வேண்டும். கோயில் காம்பஸில் 172 என்று வந்து, விலகலை 2 என்று எடுத்துக்கொண்டால் மெய்த்திசை 170. உங்கள் ஊர் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி கொடுத்தால் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் இணையக் கணிப்பான் நுணுக்கமான எண்ணைத் தரும். கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறினால் பிழை இரட்டிப்பாகி 4 டிகிரி ஆகும். ஏற்கெனவே திருத்தம் செட் செய்யும் திருகு உள்ள காம்பஸ் என்றால் அதிலும் ஒருமுறை, தாளிலும் ஒருமுறை கழித்துவிடாதீர்கள்.

---

பதில் 2: ரெண்டாங்கண்

இவ்ளோ வேலை எதுக்குங்க? போன் ஆப்ல "மெய் வடக்கு" ஆன் பண்ணி, எட்டு போட்டுச் சுத்தினா போதுமே. விலகலையும் அதுவே கழிச்சுக்கும்.

---

பதில் 3: நூல்மட்டம்

எட்டுப் போடுவது போனுக்குள்ளேயே இருக்கும் காந்தத்தின் பாதிப்பைத்தான் நீக்கும். தளத்தில் இருக்கும் கம்பியைப் போனால் நீக்க முடியாது. காந்தப் பூட்டு வைத்த கவர் போட்டிருந்தால் எட்டு என்ன, எழுபத்தெட்டு போட்டாலும் சரியாகாது. கவரைக் கழற்றி, தோட்டத்தில் நின்று பார்த்தால் போனும் நல்ல காம்பஸ்தான். ஒரு குறை, குறிபார்க்க அதில் பிளவும் மெல்லிய இழையும் இல்லை. விளிம்பை வைத்து உத்தேசமாகப் பிடிப்பதிலேயே மூன்று நான்கு டிகிரி போய்விடும்.

போன் உபயோகமாவது வேறு விதத்தில். செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் மாடிக்கும் கோயில் கோபுரத்துக்கும் கோடு இழுத்தால் மெய்த்திசையே கிடைக்கும், காந்தம் பேச்சுக்கே வராது. ஒரு கிலோமீட்டர் கோட்டில் 5 மீட்டர் பிழைத்தாலும் 0.3 டிகிரிதான். காம்பஸ் அளவை இதோடு ஒப்பிடுங்கள். 2 டிகிரிக்குள் சேர்ந்தால் வரைபட எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சேரவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் குறி வைத்த கோபுரமும் வரைபடத்தில் தொட்ட கோபுரமும் வேறு வேறு.

---

பதில் 4: தூக்குக்குண்டு

முள் உரசும் விஷயத்தை யாரும் தொடவில்லை. அது காம்பஸ் கெட்டதால் அல்ல, ஊர் மாறியதால்.

ஐரோப்பாவில் காந்தப் புலம் தரைக்குள் 65, 70 டிகிரி சாய்வாக இறங்குகிறது. முள்ளின் வடமுனை கீழே இழுபடும். அதைச் சமன் செய்யத் தெற்கு முனையில் எடை வைத்து விற்கிறார்கள். புலம் சாயாமல் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் போகிறது. கொங்கு நாட்டில் சாய்வு சில டிகிரிதான். வடமுனையை இழுக்க ஆளில்லை, வைத்த எடை தெற்கு முனையைத் தாழ்த்திவிடும். வட துருவப் பக்கம் விற்கிற காம்பஸை இங்கே கொண்டுவந்தால் இந்தத் தொல்லை வரும். தற்காலிக வழி: தட்டின் தெற்குப் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, முள் தடையில்லாமல் ஆடும் வரை சாய்த்துப் பிடித்து அளவெடுங்கள். வாங்குவதானால் இந்தியாவுக்குச் சமன் செய்தது, அல்லது எல்லா ஊருக்கும் பொருந்தும் 'குளோபல்' முள் என்று கேளுங்கள். சிவில் மாணவர்கள் பயன்படுத்தும் பிரிஸ்மாடிக் காம்பஸ் இங்கேயே செய்வது, அரை டிகிரி வரை படிக்கலாம். பூஜைக் கடையில் தொங்கும் வாஸ்து காம்பஸை மட்டும் வாங்க வேண்டாம். வாசல் கிழக்கா தெற்கா என்று சொல்லும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

நமக்குச் சாதகமும் உண்டு. கிடைமட்டத்தில் முள்ளைத் திருப்பும் விசை இங்கே பிரிட்டனைப் போல் இரண்டு மடங்கு. முள் சட்டென்று நிலைக்கும்.

காம்பஸே வேண்டாம் என்றால் சூரியன் இருக்கிறது. சிற்பிகள் சங்கு என்ற குச்சியை நட்டு நிழல் பார்த்து திசை குறிப்பது இதே வழிதான். மாடியில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கோட்டை (வானத்தில் வடக்கு-தெற்காகத் தலைக்கு மேலே போகும் கோடு) கடக்கும் நொடியில் நூலின் நிழல் மேல் சாக்பீஸால் இரண்டு புள்ளி வையுங்கள், அதுதான் மெய்யான வடக்கு-தெற்கு. பன்னிரண்டு மணிக்குப் பார்க்கக் கூடாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, பெருந்துறை 77.6 பக்கம். அதனால் 20 நிமிடம் தாமதம். அதோடு சூரியன் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முந்தும், பிந்தும். ஏப்ரல் நடுவிலும் டிசம்பர் 25 வாக்கிலும் 12.20, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.34, நவம்பர் முதல் வாரத்தில் 12.03. கோவைக்கு இன்னும் இரண்டரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த முறை நம் ஊரில் வருடம் முழுக்க வேலை செய்யாது. டிசம்பரில் ஒரு மீட்டர் நூலுக்கு 69 செ.மீ. நிழல் விழும், ஒரு நிமிடம் தவறினால் 0.4 டிகிரிதான் பிழை. ஏப்ரல் 10-இல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேரே, நிழல் 6 செ.மீ., ஒரு நிமிடம் தவறினால் 4 டிகிரி. ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23 வாக்கிலும் உச்சியில் நிழலே இல்லை. இந்த இரண்டு தேதிக்கும் நடுவே சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். வட இந்தியாவில் எழுதிய குறிப்பைப் பார்த்து "நிழல் விழும் பக்கம் வடக்கு" என்று மே மாதம் கோடு போட்டால் மவுண்ட் சென்னிமலையைத்தான் பார்க்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நிழல், மற்ற மாதங்களில் காம்பஸ் அல்லது வரைபடம்.

---

பதில் 5: இரும்புமலை (சேலம்)

சேலத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கஞ்சமலை மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுள்ள மலை. அதன் அடிவாரத்தில் நின்று காம்பஸ் பார்ப்பது கடிகாரக் கடையில் நின்று மணி கேட்பது மாதிரி. அங்கே முன்னே-பின்னே 180 சோதனையும் ஏமாற்றலாம், இரண்டு முனையும் ஒரே அளவு இழுபட்டால் வித்தியாசம் 180 ஆகவே வரும். அங்கே நிழலை நம்புங்கள்.

மாடிவாசிக்கு: வடக்கு கிடைத்த பிறகு அடுத்த தலைவலி 11 டிகிரி உயரம். சாய்வு குறைந்தால் எதிர் எடைக் கம்பி டிரைபாடின் வடக்குக் காலில் இடிக்கும். சில டிரைபாடில் மேல்தட்டின் குமிழை வேறு துளைக்கு மாற்றலாம், அப்போது வடக்கே காலுக்குப் பதில் இரண்டு கால்களின் இடைவெளி வரும். மவுண்டில் ஒட்டியிருக்கும் உயர அளவுகோலை நம்பாதீர்கள். குழாயைத் துருவ அச்சுக்கு இணையாக வைத்து, மேலே டிஜிட்டல் சாய்வுமானியை வைத்து 11.3 வரும்வரை திருகுங்கள். முதலில் ரசமட்டம் வைத்து டிரைபாடைச் சமன் செய்திருக்க வேண்டும்.

ஊட்டி முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி இதே கணக்குதான், பெரிய அளவில். 530 மீட்டர் நீள அச்சு, வடக்கு-தெற்காக 11 டிகிரி சரிந்த மலைச்சரிவில் படுத்திருக்கிறது. சரிவே அட்சரேகை, அதனால் ஒரே அச்சைச் சுழற்றி வானத்தைப் பின்தொடர்கிறார்கள்.

---

மாடிவாசி:

எல்லாருக்கும் நன்றிங்க. களத்துல குச்சி நட்டுப் பார்த்தா 180-க்கு ஒரு டிகிரி குறைவு, அவ்ளோதான். கோயில் சராசரி 172, வரைபடத்துல 170.5. சேருதுங்க. இப்ப இந்த எண்ணை மாடித் தரையில கோடா எப்படி இறக்கறது? பாகைமானி வெச்சா சின்னதா இருக்கு.

---

நூல்மட்டம்:

பாகைமானி வேண்டாம், டேப் போதும். மவுண்ட் நிற்கப்போகும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து கோயிலைக் குறிபார்த்து 3 மீட்டர் நூல் இழுத்துக் கட்டுங்கள். ஒருவர் புள்ளிக்குப் பின்னால் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க, இன்னொருவர் நூலின் முனையை நகர்த்த வேண்டும். 170.5 என்றால் நேர் தெற்கு அதற்கு 9.5 டிகிரி வலப்பக்கம், கோயிலைப் பார்த்து நிற்கும்போது. 3 மீட்டர் முனையில் மூலைமட்டம் வைத்து வலப்பக்கமாக 50.2 செ.மீ. அளந்து குறியுங்கள். அந்தக் குறியையும் முதல் புள்ளியையும் இணைத்து, வடக்குப் பக்கமும் நீட்டிவிடுங்கள். முனையில் ஒரு செ.மீ. தவறினால் 0.2 டிகிரிதான்.

பிறகு மவுண்டை அந்தக் கோட்டின் மேல் நிறுத்தி, டெக்ளினேஷன் 90-இல் (குழாய் துருவ அச்சுக்கு இணையாக நிற்கும் நிலை) வைத்து, குழாயின் வாயிலும் வாலிலும் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். இரண்டு குண்டும் கோட்டைத் தொடும்வரை திசைத் திருகைத் திருப்புங்கள். குழாய் குட்டை என்பதால் இங்கேதான் பிழை வரும். 60 செ.மீ. குழாயில் ஒரு செ.மீ. விலகல் என்பது ஒரு டிகிரி. காற்றில் குண்டு ஆடினால் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள்.

பின்னால் படம் எடுக்க ஆசை வந்தால் நட்சத்திரத்தை வைத்து நுணுக்குங்கள். வான நடுக்கோட்டருகே (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோடு), உச்சிக்கோட்டைத் தொடும் நட்சத்திரம் ஐபீசில் தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம், வடக்கே நழுவினால் மேற்கே அதிகம். கிழக்கு வானத்து நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு தாழ்வு, வடக்கே என்றால் உயர்வு.

---

மாடிவாசி:

புரிஞ்சதுங்க. கோடு சாக்பீஸ்ல போட்டா மழைக்கு நிக்காது. கான்கிரீட் ஆணி ரெண்டு அடிச்சு வெச்சுக்கலாமா, இல்ல அதுவும் இரும்புன்னு சொல்லுவீங்களா?

---

தூக்குக்குண்டு:

தாராளமா அடிங்க. அந்த இடத்துல இனிமே காம்பஸுக்கு வேலை இல்லையே. தலை தளத்தோட சமமா இறங்கட்டும், கால்ல குத்தும். நீர்க்கசிவுக்குப் பூசின இடமா இருந்தா ஆணி வேண்டாம், எனாமல் பெயிண்ட் புள்ளி போதும். மார்ச்சுல வெயிலுக்கு மாடி பூரா வெள்ளை அடிக்கிறப்ப அந்த ரெண்டு புள்ளி மேல ஒரு டேப்பை ஒட்டச் சொல்லுங்க.